கண் கட்டிக்கு வீட்டு வைத்தியம்: ஒத்தடத்தை முறையாகக் கொடுப்பது எப்படி

காலையில் எழுந்து கண்ணைச் சிமிட்டும்போது இமையோரத்தில் தூசி விழுந்ததுபோல் ஏதோ உறுத்துகிறது, தொட்டால் வலிக்கிறது, கண்ணாடியில் பார்த்தால் இமை முடியின் அடியில் சிவந்த சிறு புடைப்பு ஒன்று தெரிகிறது. கண் கட்டி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. பெரும்பாலானோருக்கு அது ஓரிரு வாரங்களில் தானாகவே அடங்கிவிடுவதால், வீட்டிலேயே கவனித்துக்கொள்ளத்தக்க உபாதைகளில் ஒன்றாக அதைக் கொள்ளலாம். ஆனால் வீட்டு வைத்தியம் என்ற பெயரில் அதன்மேல் வைக்கப்படும் பொருள்கள் ஏராளம்: பூண்டு, தேன், மஞ்சள், கற்றாழை, தேயிலைப் பை, விளக்கெண்ணெய், சுட்ட உருளைக்கிழங்கு என்று யாரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்கள். இவற்றுள் சிலவற்றால் பயன் கிடைத்ததாகத் தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பொருளன்று. அதனோடு சேர்ந்து இமைக்குக் கிடைத்த இளஞ்சூடுதான். ஆகவே இக்கட்டுரை அந்த இளஞ்சூட்டை எப்படிக் கொடுப்பது என்பதை விரிவாகவும், மற்றவற்றை அவற்றின் தகுதிக்கு ஏற்ற அளவிலும் சொல்கிறது.

கட்டி எங்கே உருவாகிறது

இமையின் விளிம்பு மெல்லியதாகத் தோன்றினாலும் அதற்குள் சுரப்பிகள் நெருக்கமாக அமைந்துள்ளன. மேல் இமையில் ஏறத்தாழ 25 முதல் 40 வரையிலும், கீழ் இமையில் 20 முதல் 30 வரையிலும் நீண்ட எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக நிற்கின்றன. 1666-ஆம் ஆண்டில் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோமியஸின் பெயரால் இவை மைபோமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. இவை சுரக்கும் எண்ணெய், கண்ணீரின்மேல் மெல்லிய படலமாகப் பரவி, அது விரைவில் ஆவியாகாமல் காக்கிறது. இவை தவிர, ஒவ்வோர் இமை முடியின் வேரையும் ஒட்டிச் சிறிய எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் உள்ளன. இவற்றுள் ஏதேனும் ஒன்றின் வாய் அடைபட்டு, உள்ளே தேங்கியதில் பாக்டீரியா பெருகிச் சீழ் பிடிப்பதே கண் கட்டி. பெரும்பாலும் இதற்குக் காரணமாக இருப்பது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா. இது எங்கிருந்தோ புதிதாக வந்து தாக்குவதன்று, பலருடைய தோலிலும் மூக்கிலும் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருப்பதுதான்.

முடியின் வேரை ஒட்டிய சுரப்பியில் வந்தால் அது வெளிக்கட்டி. இமையின் விளிம்பிலேயே தெரியும், ஓரிரு நாளில் மஞ்சள் முனை வைக்கும். மைபோமியன் சுரப்பியில் வந்தால் அது உள்கட்டி. வெளியே வீக்கம் மட்டும் தெரிய, சீழ் முனை இமையின் உட்புறத்தில் இருக்கும். உள்கட்டியில் வலி கூடுதலாக இருக்கும், ஆறவும் அதிக நாள் பிடிக்கும். இரண்டுக்கும் வீட்டில் செய்யக்கூடியது ஒன்றேதான்.

இவற்றிலிருந்து வேறுபடுத்தி அறிய வேண்டிய இன்னொன்று உண்டு. சுரப்பி அடைபட்டு, தொற்று இல்லாமலே எண்ணெய் தேங்கி, நாள்பட்ட வீக்கமாக இறுகிவிடுவதைக் கலேசியன் என்பர். இதில் வலி இராது, அல்லது தொடக்கத்தில் சிறிது இருந்து மறைந்துவிடும். இமையின் விளிம்பிலிருந்து சற்று விலகி, தோலுக்கடியில் உருண்டையாகக் கைக்குத் தட்டுப்படும். கலேசியன் என்னும் கிரேக்கச் சொல் ஆலங்கட்டியைக் குறிப்பது. கண் கட்டியின் மருத்துவப் பெயரான ஹார்டியோலம் என்பதோ வாற்கோதுமை மணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வலியோடு சிவந்திருப்பது வாற்கோதுமை, வலியில்லாமல் இறுகியிருப்பது ஆலங்கட்டி என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. ஆறாத உள்கட்டி சில சமயம் கலேசியனாக மாறி நின்றுவிடுவதும் உண்டு.

சூட்டுக் கட்டிக்குச் சூடே மருந்து

தமிழில் இதைச் சூட்டுக் கட்டி என்றும் சொல்வதால், சூட்டைத் தணிக்க வேண்டும் என்று எண்ணிப் பலர் பனிக்கட்டியையோ குளிர்ந்த நீரில் நனைத்த துணியையோ கண்ணில் வைத்துக்கொள்கின்றனர். குளிர்ச்சி சிறிது நேரம் வலியை மரத்துப்போகச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அடைபட்டிருப்பது எண்ணெய். இமையின் எண்ணெய் உடல் வெப்பத்தை ஒட்டிய வெப்பத்திலேயே இளகும் தன்மையுடையது. அடைபட்ட சுரப்பியில் அது கெட்டிப்பட்டு, பற்பசைபோல் ஆகிவிடுகிறது. அதை இளக்க இமையின் வெப்பம் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். உறைந்த நெய்யை உருக்குவதற்குக் குளிர்பெட்டியில் வைப்பார் எவருமில்லை. மேலும் வெதுவெதுப்பு அந்த இடத்தின் இரத்த ஓட்டத்தைக் கூட்டுவதால், தொற்றோடு போரிடும் வெள்ளணுக்கள் மிகுதியாக அங்கே வந்து சேர்கின்றன. கட்டி விரைவில் பழுத்துத் தானாகவே உடைகிறது, அல்லது உடையாமலே வற்றிவிடுகிறது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். உள்கட்டிக்கான அறுவையில்லாத சிகிச்சைகளை ஆராய முனைந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வுக்கு, 2017-இல் வெளியான பதிப்பிலும், சேர்த்துக்கொள்ளத்தக்க முறையான ஒப்பீட்டு ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கட்டி தானாகவே ஆறும் இயல்புடையது என்பதால் எது குணப்படுத்தியது என்று பிரித்தறிவது எளிதன்று. எனினும் ஒத்தடம் இமையின் இயக்கத்தோடு பொருந்துவது, செலவற்றது, சரியாகச் செய்தால் தீங்கற்றது. கண் மருத்துவர்கள் முதலில் சொல்வதும் அதுவே. மற்ற கைவைத்தியங்களுக்கு இந்த மூன்று தகுதிகளும் ஒருங்கே அமைவதில்லை.

ஒத்தடம் கொடுக்கும் முறை

முதலில் கைகளைச் சோப்பிட்டு, விரலிடுக்குகளையும் நகக்கண்களையும் விடாமல், குறைந்தது 20 விநாடி கழுவ வேண்டும். இமையில் மையோ வேறு ஒப்பனையோ இருந்தால் அகற்றிவிட வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் கழற்றிவிட வேண்டும். துவைத்து உலர்ந்த மென்மையான பருத்தித் துணி ஒன்றை நான்காக மடித்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தில் கைபொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, துணியை நனைத்து, நீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கண்ணில் வைப்பதற்கு முன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். விரல் நுனி பழக்கத்தால் சூட்டைத் தாங்கும். மணிக்கட்டின் தோல் தாங்காது, இமையின் தோலோ உடலிலேயே மிக மெல்லியது. மணிக்கட்டுக்கு இதமாக இருந்தால் இமைக்கும் இதமாக இருக்கும். சுரீர் என்றால் ஆறவிட வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு, சாய்ந்து அமர்ந்தோ படுத்தோ, துணியை இமையின்மேல் இலேசாக வைக்க வேண்டும். அழுத்தக் கூடாது. சூடு உள்ளே இறங்க அழுத்தம் தேவையில்லை. கண்விழியை அழுத்துவதால் பார்வை சிறிது நேரம் மங்குவதைத் தவிர வேறு பயன் விளையாது. ஒருமுறைக்கு 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து முறை என்பதே பொதுவான அளவு.

பலர் தவறவிடும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. நனைத்த துணி இரண்டு நிமிடத்திலேயே பெருமளவு ஆறிவிடும். ஆறிய ஈரத்துணியைப் பத்து நிமிடம் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்திருப்பது ஒத்தடமாகாது. ஆகவே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துணியை எடுத்து மீண்டும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்து வைக்க வேண்டும். கிண்ணத்து நீரும் ஆறிவிடும் என்பதால் அருகில் ஒரு குடுவையில் வெந்நீர் வைத்திருந்து அவ்வப்போது கலந்துகொள்வது நல்லது. இரண்டு துணிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் இடைவெளி இல்லாமல் சூடு கிடைக்கும். ஒத்தடம் கொடுத்தும் பலனில்லை என்று சொல்வோரிடம் விசாரித்தால், பாதிப் பேர் நாளுக்கு ஒருமுறை, மூன்று நிமிடம், ஒரே துணியை வைத்து எடுத்தவர்களாக இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

சூட்டை நீண்ட நேரம் தக்கவைக்க, சுத்தமான காலுறையில் சமைக்காத அரிசியை இட்டுக் கட்டி மைக்ரோவேவ் அடுப்பில் சிறிது நேரம் சூடாக்கி வைப்பதுண்டு. இதற்கெனவே விற்கப்படும் கண் முகமூடிகளும் உண்டு. இவை வசதியானவை. ஆனால் மைக்ரோவேவ் அடுப்பு எல்லா இடத்தையும் ஒரே அளவாகச் சூடாக்குவதில்லை. மேலே வெதுவெதுப்பாகவும் நடுவில் கொதிசூடாகவும் இருக்கக்கூடும். எனவே அந்தப் பையை நன்றாகக் குலுக்கி, பல இடங்களிலும் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்த பின்னரே கண்ணில் வைக்க வேண்டும். நனைந்த துணியையே மைக்ரோவேவில் வைத்துச் சூடாக்கி அப்படியே கண்ணில் போட்டுக்கொள்வதை ஒருபோதும் செய்யக் கூடாது. இமைத்தோல் வெந்துபோனதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருப்பது இத்தகைய அவசரத்தால்தான். அவித்த முட்டையைத் துணியில் சுற்றி வைப்போரும் உண்டு. முட்டை வெளிப்புறம் ஆறிவிட்டதாகத் தோன்றினாலும் உள்ளிருந்து சூடு தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

ஒத்தடம் முடிந்தவுடன், எண்ணெய் இளகியிருக்கும் அந்தச் சில நிமிடங்களில், இமையை இலேசாக நீவலாம். கண்ணை மூடி, கழுவிய விரல் நுனியால் மேல் இமையாயின் மேலிருந்து கீழாகவும், கீழ் இமையாயின் கீழிருந்து மேலாகவும், அதாவது எப்போதும் இமை முடி இருக்கும் பக்கம் நோக்கி, நீவ வேண்டும். சுரப்பிகளின் வாய் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. அரை நிமிடம் போதும். கட்டி சிவந்து, தொட்டாலே வலிக்கும் நிலையில் இருந்தால் நீவுவதை விட்டுவிட்டு, வலி தணிந்த பிறகு தொடங்குங்கள். நீவுவது வேறு, பிதுக்குவது வேறு.

கட்டி உடைந்து சீழ் வெளியேறியதும் வலி சட்டென்று குறையும். அப்போது பலர் ஒத்தடத்தை நிறுத்திவிடுகின்றனர். உடைந்த பின்னும் இரண்டு மூன்று நாள், வீக்கம் முழுதும் வற்றும்வரை, தொடர்வது நல்லது. இல்லாவிட்டால் வாய் மூடிக்கொண்டு உள்ளே மீண்டும் தேங்கக்கூடும்.

இமையைத் துடைத்தல்

கட்டி வந்த கண்ணில் பீளை சேரும். அது காய்ந்து இமை முடிகளில் ஒட்டிக்கொள்ளும். அதை நகத்தால் உரிக்காமல், ஒத்தடத்தில் ஊறவிட்டு, பிறகு துடைக்க வேண்டும். கொதிக்கவைத்து ஆறிய நீர் அரைக் குவளையில், கண்ணை எரிக்காத குழந்தைகள் ஷாம்பு இரண்டு சொட்டுக் கலந்துகொள்ளுங்கள். சுத்தமான பஞ்சையோ துணியின் நுனியையோ அதில் நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இமை முடிகளின் வேரை ஒட்டி மெதுவாகத் துடைத்து, பிறகு வெறும் நீரால் நுரையை அகற்றிவிட வேண்டும். காலையும் இரவும் செய்தால் போதும். ஒரு கண்ணைத் துடைத்த பஞ்சால் மறு கண்ணைத் தொடக் கூடாது. ஷாம்பு சேராதவர்கள் கொதித்து ஆறிய நீரால் மட்டும் துடைத்தாலும் பழுதில்லை. குளியல் சோப்பு மட்டும் வேண்டாம், அது இமைத்தோலை உலர்த்தி எரிச்சலூட்டும்.

பிதுக்கக் கூடாது என்பதற்குக் காரணம்

மஞ்சள் முனை தெரிந்ததும் கை பரபரக்கும். முகப்பருவைப் பிதுக்கிப் பழகியவர்களுக்கு இது இன்னும் கடினம். ஆனால் பிதுக்கும்போது சீழ் வெளியே மட்டும் வருவதில்லை. சுரப்பியின் சுவர் கிழிந்து சுற்றியுள்ள திசுவுக்குள்ளும் பரவுகிறது. இமையின் திசு தளர்வானது, ஆகவே தொற்று அங்கே எளிதில் பரவி, ஒரு சிறு கட்டியாக இருந்தது இமை முழுவதும் வீங்கும் தொற்றாகிவிடும். ஊசியால் குத்துவதில் விழியிலேயே கீறல் விழும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது. கட்டியின் நடுவில் இருக்கும் முடியைப் பிடுங்கினால் சீழ் வடியும் என்று சொல்வார்கள். மருத்துவர் சில வேளைகளில் அவ்வாறு செய்வது உண்மைதான், ஆனால் அவரிடம் உருப்பெருக்கியும் தொற்று நீக்கிய கருவியும் நல்ல வெளிச்சமும் உண்டு. வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

கட்டியின்மேல் வைக்கப்படும் மற்ற பொருள்கள்

பூண்டிலிருந்து தொடங்குவதே சரி, ஏனெனில் இந்தப் பட்டியலில் மிகுந்த தீங்கு செய்யக்கூடியது அதுதான். நசுக்கிய பூண்டில் உண்டாகும் அல்லிசின் பாக்டீரியாவைக் கொல்லும் என்பது ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்டதே. அதே பொருள் தோலையும் புண்ணாக்கும். பச்சைப் பூண்டைத் தோலில் வைத்துக் கட்டியதால் தீக்காயம்போல் கொப்பளித்தவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் பல உள்ளன. கையின் தோலே கொப்பளிக்கும்போது இமை எம்மாத்திரம்? சாறு ஒரு சொட்டு விழிக்குள் இறங்கினால் கருவிழியின் மேற்படலம் பாதிக்கப்படும். வெங்காயமும் இஞ்சியும் இதே வகையைச் சேர்ந்தவை.

தேயிலைப் பை ஒப்பீட்டளவில் தீங்கற்றது. வெந்நீரில் நனைந்த பை துணியைவிடச் சற்று அதிக நேரம் சூட்டைத் தாங்கும் என்பதே அதன் சிறப்பு. தேயிலையின் துவர்ப்புப் பொருள் சுரப்பியின் ஆழத்துக்குச் சென்று வேலை செய்யும் என்று எதிர்பார்க்க இடமில்லை. பை கிழிந்தால் தூள் கண்ணுக்குள் போகும். சுட்ட உருளைக்கிழங்கும் இப்படியே: சூடு மட்டும்தான் அதன் வேலை, அதையும் ஒரு துணி பாதுகாப்பாகச் செய்துவிடும்.

மஞ்சளைக் குழைத்துப் பூசுவது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் வீக்கத்தைக் குறைக்கும் தன்மையுடையது என்று பல ஆய்வுகள் பேசினாலும், கடையில் கிடைக்கும் தூள் கண்ணுக்காகத் தயாரிக்கப்பட்டதன்று. அதன் நுண்துகள் காய்ந்து உதிர்ந்து விழிக்குள் விழுந்தால் மணல்போல் உறுத்தும், அதில் பூஞ்சை வித்துகளும் இருக்கக்கூடும். தேனும் கற்றாழைச் சாறும் தோலுக்கு இதமானவையே, ஆனால் வீட்டில் இருக்கும் தேனோ வெட்டி எடுத்த கற்றாழையோ கிருமி நீக்கப்பட்டவை அல்ல. காயத்துக்கென மருத்துவமனைகளில் பயன்படும் தேன் கதிர்வீச்சால் கிருமி நீக்கப்படுவது. அதன் நற்பெயரைச் சமையலறைத் தேனுக்குக் கடன் கொடுக்க முடியாது. தாய்ப்பாலைக் கண்ணில் விடுவதும் இத்தகையதே: அதில் நோயெதிர்ப்புப் பொருள்கள் இருப்பது உண்மை, பாக்டீரியா இருப்பதும் உண்மை.

விளக்கெண்ணெயைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சுத்திகரிக்கப்பட்ட விளக்கெண்ணெய் சில கண் சொட்டு மருந்துகளில் உண்மையாகவே ஒரு கூறாகச் சேர்க்கப்படுகிறது. அதனால் வீட்டுப் புட்டியில் உள்ள எண்ணெயும் அதே தரமுடையது என்றாகிவிடாது. ஏற்கெனவே எண்ணெய் அடைத்திருக்கும் இடத்தில் கெட்டியான இன்னோர் எண்ணெயைப் பூசுவதில் தர்க்கமும் குறைவு.

உப்புநீரால் கண்ணைக் கழுவலாமா என்பது இன்னொரு கேள்வி. மூடிய இமையின்மேல் ஒத்தடம் கொடுக்கும் நீரில் உப்பு சேர்ப்பதால் கூடுதல் பயனும் இல்லை, பெரிய தீங்கும் இல்லை. ஆனால் வீட்டில் கலக்கிய உப்புநீரைத் திறந்த கண்ணுக்குள் விடுவது வேறு விஷயம். 1980-களில் காண்டாக்ட் லென்ஸ் அணிவோர் வீட்டிலேயே தயாரித்த உப்புக் கரைசலைப் பயன்படுத்தியதால், நீரில் வாழும் அகந்தமீபா என்னும் ஒற்றைச்செல் உயிர் கருவிழியில் கடுமையான புண்ணை உண்டாக்கிய நிகழ்வுகள் பதிவாயின. கண்ணுக்குள் விடுவது எதுவாயினும் அது கிருமி நீக்கி அடைக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

வீட்டு மருந்துப் பெட்டியில் முன்பு எப்போதோ வாங்கிய சொட்டு மருந்து இருந்தால் அதையும் எடுக்க வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மருத்துவர் மேற்பார்வையின்றி அதைப் பயன்படுத்துவது கண்ணின் அழுத்தத்தைக் கூட்டக்கூடும், கண்ணில் மறைந்திருக்கும் ஹெர்ப்பிஸ் தொற்றைக் கிளறிவிடவும் கூடும். வலிக்கு வழக்கமான அளவில் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

கட்டி இருக்கும் நாள்களில்

கண் கட்டி பார்ப்பதால் ஒட்டிக்கொள்வதில்லை. ஆயினும் சீழில் உள்ள பாக்டீரியா துண்டு, தலையணை உறை, விரல் ஆகியவற்றின் வழியே மறு கண்ணுக்கோ இன்னொருவருக்கோ செல்லக்கூடும். எனவே அந்த நாள்களில் துண்டைத் தனியாக வைத்துக்கொண்டு, தலையணை உறையை இரண்டு நாளுக்கு ஒருமுறையேனும் மாற்ற வேண்டும். ஒத்தடத் துணியை ஒவ்வொரு முறையும் வெந்நீரிலும் சோப்பிலும் துவைத்து நன்கு உலர்த்த வேண்டும். ஈரம் காயாத அதே துணியை மாலையில் மீண்டும் எடுப்பது, காலையில் துடைத்த சீழை மாலையில் திருப்பி வைப்பதற்குச் சமம்.

கட்டி முழுதும் ஆறும்வரை கண் மையும் ஒப்பனையும் வேண்டாம். அந்த நேரத்தில் பயன்படுத்திக்கொண்டிருந்த மையையும் மஸ்காராவையும் தூக்கி எறிந்துவிடுவதே முறை. நலமாக இருக்கும் காலத்திலும் மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, பிறருடன் பகிரவும் கூடாது. காண்டாக்ட் லென்ஸுக்குப் பதிலாகக் கண்ணாடி அணியுங்கள்; மீண்டும் லென்ஸுக்குத் திரும்பும்போது புதிய லென்ஸோடும் புதிய பெட்டியோடும் தொடங்குவது நல்லது. உணவைப் பொறுத்தவரை, இதை உண்டால் கட்டி கரையும் என்று உறுதியாகச் சொல்லத்தக்கது எதுவுமில்லை.

குழந்தைகளுக்கு வந்தால் பெரியவர்களுக்குச் செய்வதையே செய்யலாம், ஆனால் சூட்டை இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து நிமிடம் எந்தக் குழந்தையும் அசையாமல் படுத்திருக்காது. ஐந்து நிமிடமாகப் பிரித்து ஆறேழு முறை கொடுக்கலாம், கதை சொல்லிக்கொண்டே கொடுக்கலாம், அல்லது தூங்கிய பிறகு கொடுக்கலாம். பெரிய கட்டி மேல் இமையை அழுத்திக்கொண்டு நீண்ட நாள் நின்றால், வளரும் கண்ணின் பார்வை பாதிக்கப்படக்கூடும் என்பதால், குழந்தைகள் விஷயத்தில் பொறுத்திருக்கும் காலத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தையாக இருந்தால் வீட்டில் எதையும் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்

முறையாக ஒத்தடம் கொடுத்தும் 48 மணி நேரத்தில் வலியும் வீக்கமும் குறையத் தொடங்காவிட்டாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ, கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் ஆன்டிபயாடிக் களிம்போ மாத்திரையோ தரலாம். தேவைப்பட்டால் மரத்துப்போகும் ஊசி போட்டுச் சிறு கீறல் வழியாகச் சீழை அகற்றலாம். நீரிழிவு உள்ளவர்களும் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களும் இரண்டு நாள் காத்திராமல் முன்னதாகவே செல்வது நல்லது.

காத்திருக்கவே கூடாத அறிகுறிகள் சில உண்டு. இமை முழுவதும் வீங்கிக் கண்ணைத் திறக்க முடியாமற்போதல், சிவப்பு கன்னத்துக்கோ நெற்றிக்கோ பரவுதல், காய்ச்சல், விழியை அசைக்கும்போது வலி, விழி முன்தள்ளியிருத்தல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், பார்வை மங்குதல் ஆகியவை தொற்று இமையைக் கடந்து பரவுகிறது என்பதைக் காட்டக்கூடும். விழிக்குப் பின்னால் உள்ள குழிக்குள் தொற்று இறங்கிவிட்டால் பார்வைக்கும், அரிதாக உயிருக்கும் ஆபத்து நேரும். இவற்றுள் ஒன்று தெரிந்தாலும் இரவு நேரம் என்று பாராமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

மீண்டும் மீண்டும் வந்தால்

சிலருக்கு ஒரு கட்டி ஆறுவதற்குள் அடுத்தது முளைக்கும். பெரும்பாலும் இதற்குப் பின்னால் இமையோர அழற்சி என்னும் நாள்பட்ட குறை ஒளிந்திருக்கும்: காலையில் இமை முடிகளின் அடியில் பொடுகுபோல் செதில் படிந்திருக்கும், இமை விளிம்பு சிவந்து அரிக்கும். முகத்தைச் சிவக்கவைக்கும் ரோசேசியா என்னும் தோல் நோயும், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும் கட்டிகளை அடிக்கடி வரவழைக்கும். ஆகவே இத்தகையவர்கள் இரத்தச் சர்க்கரையை ஒருமுறை பார்த்துக்கொள்வது வீணாகாது. இவர்களுக்கு ஒத்தடமும் இமை துடைப்பதும் கட்டி வந்த வாரத்து வேலையாக இருந்தால் போதாது. கட்டி இல்லாத நாள்களிலும், பல் துலக்குவதுபோல், நாளுக்கு ஒருமுறை செய்துவர வேண்டும். இரவில் ஒப்பனையைக் கலைக்காமல் தூங்கும் பழக்கமும், யோசனையில் ஆழ்ந்திருக்கும்போது கண்ணைக் கசக்கும் பழக்கமும் பலருக்கு இருப்பது அவர்களுக்கே தெரியாது. அருகில் இருப்பவரைக் கேட்டால் சொல்வார்.

வலி போன பின்பும் சிறு உருண்டை மட்டும் எஞ்சியிருந்தால் பதற வேண்டியதில்லை. ஒத்தடத்தைத் தொடர்ந்தால் பல வாரங்களில் அது கரையக்கூடும். ஒரு மாதம் கடந்தும் அப்படியே நின்றால் மருத்துவர் ஊசி மருந்தாலோ சிறு அறுவையாலோ அதை அகற்றிவிடுவார். ஆனால் நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு, ஒரே இமையில், ஒரே இடத்தில், அகற்றிய பின்னும் உருண்டை திரும்பத் திரும்ப வந்தால், அல்லது அவ்விடத்து இமை முடிகள் உதிர்ந்துபோனால், அதைக் கண் கட்டி என்று எண்ணி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் அரிதாக வரும் புற்றுநோய் ஒன்று இதே தோற்றத்தில் தொடங்கும். திசுவைச் சிறிது எடுத்து ஆய்வுக்கு அனுப்புமாறு மருத்துவரிடம் கேட்பதில் தயங்க வேண்டியதில்லை.